பாப்பாவுக்கு எல்கேஜி, சான்ட்ரோவுக்கு 15 வருசம், ரெண்டும் ஒரே ஜூன்ல. வண்டிய மாத்தலாமா, எஃப்சி (ஆர்டிஓ குடுக்கற தகுதி சான்று) காட்டி ஓட்டலாமா?

திருவானைக்காவல் மருமகள்

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் பெரிய பதிவு, பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க.

பாப்பா 2022 செப்டம்பர்ல பொறந்தவ. வர்ற ஜூன்ல எல்கேஜி சேக்கணும். அதே ஜூன்லதான் வீட்டு சான்ட்ரோவுக்கும் 15 வருசம் முடியுது. 2011 சான்ட்ரோ ஜிங், மாமனார் ரிட்டையர் ஆனப்ப வந்த பணத்துல வாங்குனது, இன்னிக்கு வரைக்கும் அவர் பேர்லதான் இருக்கு. வண்டி ஓடுனதே கம்மி, 80 ஆயிரம் கிலோமீட்டர் கூட தாண்டல. ஏசி மட்டும் வெயில் காலத்துல மக்கர் பண்ணும், மத்தபடி ஒரு குறையும் இல்ல. ஏர்பேக் இல்லாத மாடல்.

இப்ப வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. வீட்டுக்காரர் எப்படியும் ஆர்சி (பதிவு சான்று) முடியுது, இதான் சாக்குன்னு 12 லட்சம் ரூபா எஸ்யூவி பாத்து வெச்சுட்டார், தினமும் நைட்டு ரிவ்யூ வீடியோ ஓடுது எங்க ரூம்ல. மாமனார் வண்டிய தொட விடமாட்டேங்கறார். மாமியார் நாத்தனார் குடும்பம் வந்தா எல்லாரும் ஒண்ணா துறையூர் பக்கம் குலதெய்வம் கோயிலுக்கு போற மாதிரி 7 சீட்டர் எடுங்கறாங்க. பக்கத்து வீட்டு அங்கிள் வேற 15 வருசம் ஆச்சுன்னா கவர்மென்ட்டே வண்டிய புடிச்சு நசுக்கிடும்னு சொல்லி மாமனாருக்கு பிரஷர ஏத்தி விட்டுட்டார்.

ஸ்கூலும் முடிவாகல. ஒண்ணு கண்டோன்மென்ட்ல, சிபிஎஸ்இ, என் ஆபீஸ் பக்கத்துலயே. ஆனா காலைல காவிரி பாலம் தாண்டணும், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் தாண்டணும், அந்த நேரத்து டிராஃபிக் திருச்சிக்காரங்களுக்கு தெரியும். இன்னொண்ணு இங்கயே நடந்து போற தூரத்துல ஒரு மெட்ரிக் ஸ்கூல், மாமனாரே கூட்டிட்டு போயிடுவார். நான் ஸ்கூட்டி, வீட்டுக்காரருக்கு துவாக்குடி பக்கம் வேலை, கம்பெனி பஸ்ல போயிடுவார். கார் எடுக்கறது ஞாயித்துக்கிழமை, மாமனாருக்கு செக்கப், மாசம் ஒருதரம் கும்பகோணத்துல எங்கம்மா வீடு, அவ்வளவுதான்.

கையில சேமிப்பு 4 லட்சத்துக்கு கொஞ்சம் மேல. ஸ்கூல் ஃபீஸும் கார் இஎம்ஐயும் ஒண்ணா ஆரம்பிச்சா சமாளிக்க முடியுமான்னு பயமா இருக்கு. நீங்க எல்லாம் என்ன பண்ணுனீங்க?

---

ஸ்பேனர் மாமா

அம்மா முதல்ல உங்க மாமனார்கிட்ட போய் சொல்லுங்க, யாரும் வந்து வண்டிய நசுக்க மாட்டாங்க. டீசல் 10 வருசம் பெட்ரோல் 15 வருசம்ங்கறது டெல்லி சுத்துவட்டாரத்துக்கு போட்டது. நம்ம ஊர்ல சொந்த வண்டிக்கு 15 வருசம் முடிஞ்சா எஃப்சி காட்டி ஆர்சிய புதுப்பிக்கணும், அவ்வளவுதான், 5 வருசத்துக்கு குடுப்பான். அது முடிஞ்சா திரும்ப காட்டலாம்.

செலவு சொல்றேன். புதுப்பிக்கற ஃபீஸ் காருக்கு 5000. முன்னாடி 600 ரூபாதான் இருந்துச்சு, 2022 ஏப்ரல்ல ஏத்திட்டாங்க. 20 வருசம் தாண்டுன வண்டின்னா 10,000, அது 2025 ஆகஸ்ட்ல வந்தது, உங்களுக்கு இப்ப அந்த கவல இல்ல. கூட பசுமை வரி ஒண்ணு கட்டணும். இன்சூரன்ஸும் புகை சர்டிபிகேட்டும் கரன்ட்ல இருக்கணும். ஆர்சி முடியறதுக்கு 60 நாள் முன்னாடியே அப்ளை பண்ணலாம், பரிவாகன்ங்கற கவர்மென்ட் போக்குவரத்து சைட்ல போட்டு நாள் வாங்கிட்டு வண்டிய ஆர்டிஓ ஆபீஸ் கொண்டு போனா பிரேக் இன்ஸ்பெக்டர் பாப்பார். தேதிய தாண்ட விட்டுடாதீங்க, லேட் ஆகற ஒவ்வொரு மாசத்துக்கும் 500 ரூபா.

என்ன பாப்பார்னா லைட் எல்லாம் எரியுதா, இன்டிகேட்டர், ஹாரன், வைப்பர், பிரேக், டயர் தேய்மானம், சேசிஸ் நம்பர் ஆர்சில உள்ளதோட ஒத்துப்போகுதா, துரு புடிச்சு ஓட்ட இருக்கா. கலர் மாத்தியிருந்தா கேப்பார். இதுல பாதிக்கு மேல நம்மளே வீட்ல பாத்துக்கலாம். காட்டறதுக்கு முன்னாடி நாள் ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளா இருந்தா பாலிஷ் போட்டுடுங்க, அதுக்கே திருப்பி அனுப்பி பாத்துருக்கேன்.

ஆனா எஃப்சி வாங்குறது வேற, வண்டி நல்லா இருக்கறது வேற. இந்த சான்ட்ரோ ஜிங் இன்ஜினுக்கு டைமிங் பெல்ட், செயின் கிடையாது. கம்மியா ஓடுன வண்டின்னு பெல்ட் மாத்தாமயே விட்டுருப்பாங்க, ரப்பர் வயசுக்கே வெடிச்சு போகும், கிலோமீட்டர பாக்காது. கும்பகோணம் ரோட்ல நடு ராத்திரில பாப்பாவ வெச்சுக்கிட்டு நிக்கறதுக்கு முன்னாடி மாத்திடுங்க. அப்புறம் இப்ப பங்க்ல எல்லாம் இ20, அதாவது 20 பர்சன்ட் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகதான் அதுக்குன்னு ரப்பரெல்லாம் மாத்தி வந்தது. உங்களுதுல பெட்ரோல் ஹோஸ், ஓ ரிங் எல்லாம் ஒருதரம் பாக்க சொல்லுங்க, பெட்ரோல் வாசம் வந்தா அலட்சியமா விடாதீங்க. மைலேஜும் கொஞ்சம் அடிவாங்கும்.

டயரு தேதி பாருங்க. சைடுல 4 நம்பர் இருக்கும், கடைசி ரெண்டு வருசம், முதல் ரெண்டு எத்தனாவது வாரம்னு. பட்டன் நல்லாதானே இருக்குன்னு 9 வருச டயர ஓட்டுறவங்க நிறைய பேர்.

---

ரெட்டை ஜடை அம்மா

சிஸ்டர், காரை விடுங்க, முதல்ல ஸ்கூல முடிவு பண்ணுங்க. ஸ்கூல் எங்கன்னு தெரிஞ்சாதான் கார் எதுக்குன்னு தெரியும். பாலம் தாண்டற ஸ்கூல்னா நீங்க ஸ்கூட்டில கூட்டிட்டு போவீங்க, மழை வந்தா? உங்களுக்கு ஆடிட் சீசன்ல லீவு கிடைக்காதப்போ மதியம் 12:30க்கு யார் போய் கூப்டுவாங்க? எல்கேஜி எல்லாம் அரை நாள்தான் முதல் வருசம், நிறைய ஸ்கூல்ல. மாமனார் அந்த டிராஃபிக்ல தினமும் சான்ட்ரோ எடுத்துட்டு போய் வருவாரா? அங்கதான் வேன் வரும். (உங்க ஆபீஸ் ஆடிட்டர் ஆபீஸ்னு நீங்க சொல்லல, ஏதோ என் வாய்ல வந்துருச்சு, எங்க வீட்ல அதுதான், மார்ச் ஏப்ரல்ல நான் வீட்ல இருக்கவே மாட்டேன்.)

வேன்னா ஸ்கூலோட மஞ்சள் வேனா, இல்ல தனியார் ஓட்டறதான்னு பாருங்க. தமிழ்நாட்ல ஸ்கூல் வண்டிக்குன்னு 2012ல தனி ரூல்ஸே போட்டாங்க, அந்த வருசம் சென்னைல ஒரு குழந்தை ஸ்கூல் பஸ்ஸோட தரை ஓட்ட வழியா விழுந்து இறந்துச்சே அதுக்கப்புறம். ஸ்பீடு கவர்னர், எமர்ஜென்சி கதவு, உதவியாளர், ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ், தீயணைப்பான் எல்லாம் இருக்கணும், வருசா வருசம் ஸ்கூல் தொறக்கறதுக்கு முன்னாடி மே மாசம் ஆர்டிஓ, போலீஸ் எல்லாம் சேந்து கிரவுண்ட்ல நிக்க வெச்சு செக் பண்ணுவாங்க, பேப்பர்ல ஃபோட்டோ வரும் பாத்துருப்பீங்க. வெள்ள போர்டு ஆம்னில 12 குழந்தைகள அடைச்சு, டிக்கில பைய அடுக்கி போறதுக்கு இது ஒண்ணும் கிடையாது. எங்க தெருவுலயே போகுது, பாக்கறப்பல்லாம் எனக்கு வயித்த கலக்கும். மாசம் 300 ரூபா கம்மின்னு அதுல போடாதீங்க.

அப்புறம் வயசு. செப்டம்பர் 2022ன்னா ஜூலை 31க்குள்ள 3 வயசு முடிஞ்சுடும், எல்கேஜிக்கு பிரச்சன இல்ல. ஸ்டேட் போர்டுல 5 முடிஞ்சா ஒண்ணாங்கிளாஸ். ஆனா கேவில (கேந்திரிய வித்யாலயா) மார்ச் 31க்குள்ள 6 வயசு முழுசா முடிஞ்சிருக்கணும், சில சிபிஎஸ்இ ஸ்கூல்லயும் இப்ப அப்படி கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. உங்க பாப்பா யூகேஜி முடிச்சுட்டு 2028ல நிக்கறப்ப அஞ்சரைதான். அந்த கண்டோன்மென்ட் ஸ்கூல்ல இத எழுத்துல கேளுங்க, ஒண்ணாங்கிளாஸுக்கு எத்தன வயசுன்னு. இல்லன்னா யூகேஜி ரெண்டாவது தடவை உக்கார வேண்டி வரும், அந்த வருசத்து ஃபீஸும் நம்ம தலைலதான்.

மெட்ரிக் ஸ்கூல்னா அரசு கமிட்டி நிர்ணயிச்ச ஃபீஸ் ஆர்டர் இருக்கும், நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். கேட்டு பாருங்க. கேக்கறப்ப ஆபீஸ் ரூம்ல மூஞ்சி எப்படி மாறுதுன்னும் பாருங்க, பாதி தெரிஞ்சுடும்.

---

பீளமேடு தம்பி

அக்கா நான் கொஞ்சம் மாத்தி சொல்றேங்க, ஸ்பேனர் மாமா கோவிச்சுக்க கூடாது. பழைய வண்டி ஓடும்ங்க, சரிதான். ஆனா ஏர்பேக் இல்லாத வண்டில சின்ன குழந்தையும் வயசானவங்களும் பைபாஸ்ல போறது எனக்கு மனசு ஒப்புலீங்க. 2011ல அதெல்லாம் யாரும் கேக்கல. இப்ப வேகன்ஆர்லயே 6 ஏர்பேக் எல்லா மாடல்லயும் வருது.

விலையும் இப்ப பரவால்லீங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து சின்ன காருக்கு ஜிஎஸ்டி 18 பர்சன்ட் ஆயிடுச்சு, அதுக்கு முன்னாடி செஸ் எல்லாம் சேத்து 29, 31னு இருந்துச்சு. சின்ன கார்னா பெட்ரோல் 1200 சிசிக்குள்ள, நீளம் 4 மீட்டருக்குள்ள. அத தாண்டுனா 40.

ஆனா வீட்டுக்காரர் பாத்து வெச்சுருக்கற 12 லட்சம் வண்டி வேணாங்க. காரணம் ரோடு டாக்ஸ். தமிழ்நாட்ல 5ல இருந்து 10 லட்சம் வரைக்கும் 13 பர்சன்ட், 10 தாண்டுனா 18. அதாவது 7 லட்சம் வண்டிக்கு 91 ஆயிரம், 12 லட்சம் வண்டிக்கு 2 லட்சத்து 16 ஆயிரம். டாக்ஸ் மட்டும். 10 லட்சத்துக்கு மேலன்னா ஷோரூம்ல டிசிஎஸ்னு வருமான வரி 1 பர்சன்ட் வேற முன்கூட்டியே புடிப்பாங்க, அது ரிட்டர்ன் போட்டா திரும்ப வந்துரும், ஆனா அன்னிக்கு கைல இருந்து போகோணும். யூடியூப்ல சொல்ற விலை எக்ஸ் ஷோரூம்ங்க, ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ் சேராதது, ஆன்ரோடு கேட்டுட்டு அப்புறம் டெஸ்ட் டிரைவ் போக சொல்லுங்க. டெஸ்ட் டிரைவ் முதல்ல போயிட்டா கதை முடிஞ்சது.

லோன் கணக்கு: 6 லட்சம் லோன், 9 பர்சன்ட் வட்டின்னா 5 வருசத்துக்கு மாசம் சுமார் 12,450. 7 வருசம்னா 9,650தான்னு ஷோரூம் பையன் ஆசை காட்டுவான், வட்டி மட்டும் 60 ஆயிரத்துக்கு மேல கூட போகும். 5க்கு மேல போகாதீங்க.

---

வெட்டிப்பேச்சு வேலன்

எங்க வீட்லயும் இதே நிலைமைதான். ரிவ்யூ வீடியோ பாக்கறத நிறுத்தற ஆப் ஏதாவது இருந்தா சொல்லுங்க, என் பொண்டாட்டி காசு குடுத்து வாங்க ரெடி.

---

திருவானைக்காவல் மருமகள்

சிரிச்சுட்டேன் வேலன் அண்ணா. எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஸ்பேனர் மாமா சொன்னத மாமனார்கிட்ட படிச்சு காமிச்சேன், அந்த டைமிங் பெல்ட்ட பத்தி கேட்டதுக்கு அதெல்லாம் மாத்தியாச்சுன்னு சொன்னார், எப்பன்னு கேட்டா பழைய பில் ஃபைல எடுத்துட்டு வந்துட்டார், 2011ல இருந்து ஒரு ஸ்டெப்னி பஞ்சர் பில் கூட விடாம தேதி வாரியா வெச்சுருக்கார். பெல்ட் 2019ல மாத்துனதா இருக்கு. டயர் நம்பர பாத்தா 2317, அப்ப 2017 தானே? அவருக்கே தூக்கிவாரி போட்டுச்சு, நேத்து சாயங்காலம் நாலு டயரையும் டார்ச் அடிச்சு பாத்துட்டு இருந்தார்.

ரெட்டை ஜடை அம்மா, அந்த ஆடிட்டர் ஆபீஸ் நீங்க சொன்னது நெஜமாவே கரெக்ட், எப்படிங்க? மதியம் யார் கூப்டுவாங்கன்னு நாங்க யோசிக்கவே இல்ல. கண்டோன்மென்ட் ஸ்கூல்ல போய் வயச பத்தி கேட்டேன், அப்பத்திக்கு போர்டு என்ன சொல்லுதோ அதான் மேடம்னு சொல்லிட்டாங்க, எழுத்துல எல்லாம் தரமாட்டாங்களாம்.

இப்ப 7 சீட்டர் விசயம்தான் பெரிய தலவலி. மாமியார் விடமாட்டேங்கறாங்க. நாத்தனார் வர்றது வருசத்துக்கு ரெண்டு மூணு தடவ. எர்டிகா, டிரைபர் வெச்சுருக்கறவங்க யாராவது இருக்கீங்களா? அப்புறம் குழந்தை சீட் சான்ட்ரோல மாட்ட முடியுமா?

---

வைகைக்கரை பாண்டி

தங்கச்சி, நம்மகிட்ட டிரைபர் இருக்கு, மச்சான்கிட்ட எர்டிகா. ரெண்டுலயும் மூணாவது வரிசைல உக்காந்து போனவன்ங்கற முறையில சொல்றேன்.

டிரைபர் 4 மீட்டருக்குள்ள, 999 சிசி, அதனால அந்த 18 பர்சன்ட்ல வந்துரும். பின்னாடி சீட்ட கழட்டி வீட்லயே வெச்சுட்டா டிக்கி 625 லிட்டர், ஒரு ஃப்ரிட்ஜே ஏத்தலாம். ஆனா 7 சீட்டும் போட்டா டிக்கி 84 லிட்டர்தான். ஏழு பேரு குலதெய்வம் கோயிலுக்கு போறீக, பொங்கப்பானை, அரிசி, வெல்லம், தேங்கா, வாழை இலை, விறகு, குடிதண்ணி கேன், இதெல்லாம் எங்க வெப்பீக? எல்லாரும் மடில வெச்சுக்கிட்டுதான் போகணும். மூணு சிலிண்டர் இன்ஜின் வேற, ஏழு பேரோட ஏசி போட்டு மேடு ஏறுனா மூச்சு வாங்கும். கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவு, நான் ஏசிய அமத்திட்டு கண்ணாடிய எறக்கி விட்டுதான் ஏறுனேன், பின்னாடி இருந்து மாமியா ஏதோ சொன்னாக, காதுல வாங்கல.

எர்டிகா சொகுசு. ஆனா அது 1462 சிசி, 4 மீட்டர் தாண்டுனது, 40 பர்சன்ட் வரி. 10 லட்சத்த தாண்டிட்டா ரோடு டாக்ஸும் 18 ஆயிரும். டிக்கி 7 பேரோட 209 லிட்டர்.

வருசத்துக்கு ரெண்டு தடவைக்காக இத வாங்காதீக. நாத்தனார் வர்றப்ப டிரைவரோட ஒரு இன்னோவா வாடகைக்கு எடுங்க. உங்க வீட்டுக்காரரும் நிம்மதியா தூங்கிட்டு வருவாரு. மாமியாகிட்ட நீங்க சொல்லாதீக, நாத்தனார விட்டு சொல்ல சொல்லுங்க.

---

ரெட்டை ஜடை அம்மா

பாண்டி அண்ணன் கடைசில சொன்னதுக்கு ஆயிரம் லைக்.

குழந்தை சீட் தாராளமா மாட்டலாம். குழந்தை சீட்ட நேரா மாட்டற ஐசோஃபிக்ஸ் கொக்கி உங்க வண்டில இருக்காது, அதனால சீட் பெல்ட்டால கட்டற மாடல் வாங்குங்க, வாங்கறப்பவே கடைக்காரர்கிட்ட 3 பாயின்ட் பெல்ட்ல நிக்குமான்னு கேட்டு, வண்டில வெச்சு மாட்டி பாத்துட்டு காசு குடுங்க. பின் சீட்ல ஓரத்துல, தோள் பட்டையோட வர்ற பெல்ட் இருக்கற எடத்துல. கட்டுன அப்புறம் அடிப்பக்கம் புடிச்சு ஆட்டுனா ஒரு இஞ்ச்சுக்கு மேல அசையக்கூடாது. 14 வயசுக்கு கீழ உள்ள குழந்தைய பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாம கூட்டிட்டு போனா 1000 ரூபா ஃபைன்னு 2019லயே சட்டம் வந்துருச்சு, நம்ம ஊர்ல யாரும் புடிக்கறதில்லங்கறது வேற.

முதல் வாரம் கத்துவா. பாட்டி மடில உக்காந்து பழகுன குழந்தை, கத்தத்தான் செய்யும். பாட்டி அதுக்கு மேல கத்துவாங்க, கட்டிப்போட்டு கொடும படுத்துறன்னு. பாட்டிய பக்கத்துலயே உக்கார வெச்சு ஒரு டப்பால பொரி குடுத்து விட்டுருங்க, ரெண்டு பேருக்கும். எங்க வீட்ல அப்படித்தான் அடங்குச்சு. மடில வெச்சுக்கிட்டு முன் சீட்ல மட்டும் எந்த வண்டிலயும் உக்காராதீங்க, ஏர்பேக் இருக்கற வண்டின்னா இன்னும் ஆபத்து.

---

சாக்பீஸ் டீச்சர்

ஒரு விசயம் யாருமே சொல்லல, அதனால எழுதறேன். நான் அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியர், எங்க மாவட்டம் பெரம்பலூர். எல்கேஜிக்கு என்ன ஸ்கூல்ங்கறதுக்கு இவ்ளோ மண்டைய உடைக்க வேணாம். 3 வயசு 9 மாசக் குழந்தைக்கு வீட்டுக்கு பக்கத்துல ஸ்கூல் இருந்தா அதுவே பெரிய பாக்கியம். எங்ககிட்ட வர்ற குழந்தைகள்ல ஒருமணி நேரம் வேன்ல வந்தது எது, நடந்து வந்தது எதுன்னு பத்து மணிக்குள்ள தெரிஞ்சுடும், வேன்ல வந்தது மேசைல தலைய சாய்ச்சுடும்.

அந்த மெட்ரிக் ஸ்கூல்ல போனீங்கன்னா ஸ்மார்ட் போர்டு இருக்கான்னு பாக்காதீங்க, பாத்ரூம் எங்க இருக்கு, யார் கூட போறாங்க, ஒரு மிஸ்ஸுக்கு எத்தன குழந்தைன்னு பாருங்க. இன்டர்வெல் நேரத்துல போய் கேட்டுக்கு வெளிய ஒரு பத்து நிமிசம் நில்லுங்க. மூணே முக்கால் வயசுல நாலு கோடு நோட்டுல பக்கம் பக்கமா ஹோம்வொர்க் குடுக்கற ஸ்கூல்னா யோசிங்க, வெரலுக்கு இன்னும் அந்த பலம் வந்துருக்காது.

ஒண்ணாங்கிளாஸுக்கு எங்க மாதிரி பள்ளியையும் ஒருதரம் வந்து பாருங்க. எண்ணும் எழுத்தும்ங்கற அரசு திட்டம் வந்த அப்புறம் 1, 2, 3ங் கிளாஸ் பாடம் நடத்தற விதமே மாறிடுச்சு. 2022 செப்டம்பர்ல மதுரைல ஆரம்பிச்ச காலை உணவு, அடுத்த வருசமே எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துருச்சு, எங்க ஸ்கூல்ல திங்கக்கிழமை உப்புமாவுக்கு வீட்ல சாப்ட்டுட்டு வர்ற குழந்தையே தட்ட எடுத்துட்டு வரிசைல நிக்குது. வாங்கன்னு கட்டாயப்படுத்தல, பாத்துட்டு முடிவு பண்ணுங்கன்னுதான் சொல்றேன்.

---

ஸ்பேனர் மாமா

2317ன்னா 2017 ஜூன் வாக்குல செஞ்ச டயர். மாத்திடுங்க, நாலும். பெல்ட்டும் ஏழு வருசம் ஆச்சு, மாத்தற நேரம்தான், அதோட வாட்டர் பம்ப்பையும் பாக்க சொல்லுங்க, ஒரே கூலில முடியும். இந்த மாதிரி பில் வெச்சுருக்கற மனுசன் வண்டிய நான் பாக்காமயே வாங்கிப்பேன்.

பீளமேடு தம்பி சொன்ன ஏர்பேக் விசயத்துல எனக்கு கோவம் இல்ல, நியாயம்தான். ஆனா இவங்க வண்டி எடுக்கறது ஞாயித்துக்கிழமையும் மாசம் ஒருதரம் கும்பகோணமும். அதுக்கு 60 கிலோமீட்டர் வேகத்துல பெல்ட் போட்டுட்டு போனா போதும். ரெண்டு வருசம் கழிச்சு கைல காசு சேந்ததும் வாங்கட்டுமே.

எப்ப வித்தாலும் ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. பழைய வண்டி வாங்கி விக்கற கார் கன்சல்டிங்ல குடுத்துட்டு சாவிய நீட்டிட்டு வந்துடாதீங்க. பேர் மாத்தற 29, 30 ரெண்டு ஃபாரத்துலயும் கையெழுத்து போட்டு வெறும் பேப்பரா குடுத்துட்டு வர்றாங்க, அது ரெண்டு மூணு கை மாறி எங்கயோ ஓடும், ஆக்சிடென்ட் ஆனா ஆர்சில யார் பேர் இருக்கோ அவர்தான் நஷ்ட ஈடுக்கு பொறுப்பு, சுப்ரீம் கோர்ட் 2018லயே தெளிவா சொல்லிடுச்சு. வித்த 14 நாளுக்குள்ள ஆர்டிஓக்கு தகவல் குடுக்கணும். புது ஆர்சில அடுத்தவன் பேர பாக்கற வரைக்கும் தூங்கக்கூடாது. எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் வித்து மூணு வருசம் கழிச்சும் ஹெல்மெட் இல்ல, சிக்னல் தாண்டிட்டன்னு சலான் வந்துட்டு இருந்துச்சு, பைக் அது.

நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் பண்ணாததுக்கு இன்சூரன்ஸ்ல கிடைக்கற தள்ளுபடி) உங்களுது, வண்டியோடது இல்ல. கிளெய்மே பண்ணாம 5 வருசம் ஓட்டியிருந்தா 50 பர்சன்ட், அத இன்சூரன்ஸ்காரங்ககிட்ட லெட்டரா வாங்கிட்டா 3 வருசத்துக்குள்ள வாங்கற புது வண்டிக்கு மாத்திக்கலாம். ஆனா அது பாலிசி யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு. மாமனார் பேர்ல இருந்துட்டு புது வண்டிய உங்க வீட்டுக்காரர் பேர்ல எடுத்தா வராது. ஷோரூம்ல இத யாரும் தானா சொல்ல மாட்டாங்க.

---

பீளமேடு தம்பி

மாமா, சரிங்க. ஒத்துக்கறேன். ஆனா அந்த 60 கிலோமீட்டர் வேகம் அவங்க வீட்டுக்காரருக்கும் தெரியோணுமில்லீங்க.

---

திருவானைக்காவல் மருமகள்

ஓரளவு முடிவுக்கு வந்துட்டோம். டீச்சர் சொன்ன மாதிரியே இன்டர்வெல் நேரத்துல மெட்ரிக் ஸ்கூல் கேட்டுக்கிட்ட போய் நின்னேன், ஒரு மிஸ் ஒரு பையனுக்கு மூக்கு தொடைச்சு விட்டுட்டு இருந்தாங்க, இன்னொருத்தன் அவங்க முந்தானைய புடிச்சுட்டு ஏதோ கம்ப்ளைன்ட் பண்றான், அவங்க ரெண்டையும் ஒண்ணா கவனிக்கறாங்க. எனக்கு அது போதும். அப்ளிகேஷன் வாங்கிட்டேன். ஃபீஸ் ஆர்டர கேட்டேன், மூஞ்சி கொஞ்சம் மாறுச்சுதான் ஆனா காமிச்சுட்டாங்க.

வண்டி இப்போதைக்கு எஃப்சி. டயர், பெல்ட், ஹோஸ், ஏசி கேஸ் எல்லாம் சேத்து ஒரு பட்ஜெட் போட்டோம், புது வண்டியோட ரோடு டாக்ஸுல பாதி கூட வரல. குழந்தை சீட் ஆர்டர் போட்டாச்சு. மாமியார் இன்னும் மூஞ்ச தூக்கி வெச்சுட்டுதான் இருக்காங்க, நாத்தனார்கிட்ட பேசிட்டேன், அவங்க சொல்றேன்னுருக்காங்க. வீட்டுக்காரர் ரெண்டு வருசம்னு ஒத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை "சும்மா பாத்துட்டு வரேன்"னு ஷோரூம் போயிருக்கார், அத பத்தி இப்ப பேசல.

ஸ்பேனர் மாமா, ஒரே ஒரு கேள்வி. எஃப்சி காட்ட மாமனார்தான் வரணுமா, அவருக்கு வெயில்ல நிக்க முடியாது. பின் கண்ணாடில பாப்பா ஒட்டுன ஸ்டிக்கர் ஏழெட்டு இருக்கு, அத எடுக்கணுமா?

---

ஸ்பேனர் மாமா

வண்டிய யார் வேணா கொண்டு போகலாம்மா, ஒரிஜினல் ஆர்சியும் அவர் கையெழுத்து போட்ட ஃபாரம் 25ம், அவரோட ஆதார் ஜெராக்ஸும், வண்டிய கொண்டு போறவர் லைசென்ஸும் இருக்கட்டும். ஆர்சில பதிஞ்ச செல்ஃபோன் நம்பர் மட்டும் யாரோடதுன்னு முன்னாடியே பாத்துடுங்க, ஓடிபி அதுக்குத்தான் வரும், பழைய நம்பர்னா மொதல்ல அத மாத்தணும்.

ஸ்டிக்கர எடுத்துடுங்க. ஹேர் டிரையர்ல சூடு காட்டி ஓரத்துல இருந்து மெதுவா இழுங்க, பிளேடு போட்டு சுரண்டாதீங்க, கண்ணாடி உள்பக்கம் டீஃபாகர் கம்பி (பனி மூட்டத்த போக்கற கம்பி) இருந்தா அறுந்துடும்.